கொப்பு தாங்கும், சுவை தாங்காது: திருகோணமலை மாமரங்களும் காய்ப்புச் சுமையும்

சித்திரை கழிந்து கச்சான் காற்று எழும்பத் தொடங்கும் நாள்களில் உவர்மலையிலோ சாம்பல்தீவிலோ தம்பலகாமத்திலோ ஒரு வீட்டு வளவுக்குள் போனால், காதில் விழும் முதல் பேச்சு மாமரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். "இந்த முறை கொப்பு முறியக் காய்ச்சிருக்கு" என்று வீட்டுக்காரர் அண்ணாந்து காட்டுவார். சில கிழமை கழித்து அதே மரத்துப் பழத்தை அறுத்துத் தட்டில் வைக்கும்போது பேச்சு இறங்கிவிடும். பழம் சிறுத்திருக்கும். கொட்டை பெருத்துச் சதை மெலிந்திருக்கும். தோலில் நிறம் ஏறிய அளவுக்கு நாக்கில் இனிப்பு ஏறியிருக்காது. அடுத்த வருடம் அந்த மரம் வெறும் இலையாக நிற்கும். "மரம் ஏமாத்திப் போட்டுது" என்று சொல்லி வாளியைக் கழுவி வைத்துவிடுவார்கள்.

மரம் யாரையும் ஏமாற்றவில்லை. தன்னிடம் இருந்த உணவை எத்தனை பிள்ளைகள் கேட்டார்களோ அத்தனை பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. பங்கு சிறுத்தது, பழமும் சிறுத்தது. பங்கிட்டு முடிந்தபோது அடுத்த ஆண்டுக்கான சேமிப்பும் கரைந்திருந்தது. ஒரு மரம் தன் இலைப்பரப்புக்கு ஒப்பாக எத்தனை காயைச் சுமக்கிறது என்பதே காய்ப்புச் சுமை. பழத்தின் பருமன், இனிப்பு, சதையின் இறுக்கம், பறித்த பின் அது கெடாமல் நிற்கும் நாள்கள், அடுத்த பருவத்துப் பூ ஆகிய ஐந்தையும் ஆளுகிற கணக்கு இது. நம்முடைய மாவட்டத்தில் மாவைப் பற்றிப் பேசும்போது பசளை, பூச்சி, தண்ணீர் எல்லாம் பேசுகிறோம். இந்தக் கணக்கைப் பேசுவதில்லை. அதைப் பேசவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

செரித் தோட்டம் கற்றுக்கொண்ட பாடம்

காய்ப்புச் சுமையை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் குளிர்நாட்டுப் பழச் செய்கைக்காரர்கள். அவர்களுள்ளும் இனிப்புச் செரி வளர்ப்பவர்களின் அனுபவம் தெளிவானது. செரி நமக்குக் கேக்கின் மேல் வைத்த சிவப்புத் துண்டாகத்தான் பழக்கம். உண்மையான இனிப்புச் செரி மரத்துக்கு மாரிக்காலத்தில் பல நூறு மணி நேரம் கடுங்குளிர் வேண்டும். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் மொட்டு உறக்கம் கலையாது. ஆகவே அது இந்தியாவில் பெரும்பாலும் காஷ்மீரிலும், ஓரளவு இமாசலப் பிரதேசத்திலும் விளைகிறது. திருகோணமலையில் அது விளையாது. அதன் பாடம் மட்டும் இங்கே விளையும்.

பழைய செரித் தோட்டங்களில் ஒட்டுக்கு அடிக்கட்டையாக இருந்தது காட்டுச் செரி. அந்த மரம் வானளாவ வளர்ந்து, பல ஆண்டு காத்திருக்க வைத்து, மெல்லக் காய்க்கும். பறிப்பதற்கு உயர்ந்த ஏணி வேண்டும். ஜேர்மனியின் கீசென் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவான கிசெலா என்னும் அடிக்கட்டைகள் இந்த நிலையை மாற்றின. கிசெலா 5 மேல் ஒட்டிய மரம் குள்ளமாக நின்றது, சீக்கிரமே காய்த்தது, கொப்பெல்லாம் பூவாகப் பூத்தது. விவசாயிகள் மகிழ்ந்தார்கள். மரம் வளரவளரக் குறை தெரிந்தது. இலை குறைவு, காய் அதிகம். பழம் கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிட்டது. செரிச் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது பழத்தின் விட்டம். சில மில்லிமீற்றர் குறைந்தாலே பழம் கீழ்த்தரப் பெட்டிக்குப் போய்விடும். கிலோக் கணக்கில் பார்த்தால் நல்ல விளைச்சல். காசுக் கணக்கில் நட்டம்.

அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில், புரொஸ்ஸர் ஆராய்ச்சி நிலையத்தில், மத்தியூ வைட்டிங்கும் கிரெகரி லாங்கும் கிசெலா 5 மேல் ஒட்டிய 'பிங்' செரி மரங்களில் இதை அளந்து 2004 இல் வெளியிட்டார்கள். மரத்தின் காய்களைக் கழித்துச் சுமையைக் குறைத்தபோது மீந்த பழங்களின் எடையும் தரமும் உயர்ந்தன. ஒரு பழத்துக்கு எத்தனை சதுர சென்ரிமீற்றர் இலை கிடைக்கிறது என்ற விகிதத்தோடு தரம் ஒட்டி நடந்தது. ஒரு செரிப் பழத்துக்கு ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர் இலை வேண்டும், அதற்குக் கீழே போனால் தரம் சரியும் என்பது அந்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த வழிகாட்டி. ஒரு நுனிவிரல் அளவுப் பழத்துக்கு விரித்த உள்ளங்கையைவிடப் பெரிய இலைப்பரப்பு வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், மாம்பழத்தின் தேவை எவ்வளவாக இருக்கும் என்பது புலப்படும்.

இந்த அனுபவத்திலிருந்து எடுக்கவேண்டிய கருத்து ஒன்று. மரத்தில் எத்தனை காய் என்பது தனித்து நின்று எதையும் சொல்லாது. எத்தனை இலைக்கு எத்தனை காய் என்று கேட்டால்தான் விடை வரும். பெரிய மரத்தில் 1,000 காய் அளவானதாக இருக்கலாம். சிறிய ஒட்டுமரத்தில் 60 காயே அளவுமீறியதாக இருக்கலாம்.

மாவின் இலைக் கணக்கு

மாமரம் பூக்கிற விதத்திலேயே ஓர் இயற்கைக் கழிப்பு இருக்கிறது. ஒரு பூங்கொத்தில் பல நூறு முதல் சில ஆயிரம் வரை பூக்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்பூக்கள். அவை உதிரத்தான் பூக்கின்றன. சூல் கொண்ட இருபாற் பூக்களிலும் மிகச் சிலவே பிஞ்சாகும். மிளகு அளவில் ஒரு முறை, கோலி அளவில் ஒரு முறை என்று அந்தப் பிஞ்சுகளிலும் பெரும்பகுதி கொட்டும். இத்தனை பூவில் நூற்றுக்கு ஒன்றுகூடப் பழமாவதில்லை. இந்தக் கொட்டுதலைப் பார்த்துக் கலங்குகிறவர்கள் உண்டு. மரம் தன் வருமானத்துக்கு ஏற்பக் குடும்பத்தைச் சுருக்குகிறது, கலங்கத் தேவையில்லை.

சில வருடங்களில் அந்தச் சுருக்கம் போதாமற் போய்விடுகிறது. பூக்கும் காலத்தில் மழையோ கடும் பனியோ இல்லை, தேனீயும் ஈயும் நன்றாக வந்தன, அந்திரக்னோஸ் நோய் பூவைக் கருக்கவில்லை என்றால், ஒரு கொத்தில் மூன்று, நான்கு, ஐந்து என்று காய் நின்றுவிடும். அந்த வருடத்தைத்தான் 'கொப்பு முறியக் காய்த்தது' என்கிறோம்.

இந்தச் சுமை பழத்துக்குள் என்ன செய்கிறது என்பதை இந்தியப் பெருங்கடலின் இன்னொரு தீவு அளந்து காட்டியிருக்கிறது. ரீயூனியன் தீவில் மத்தியூ லெஷோடெலும் அவரது கூட்டாளிகளும் மாமரக் கொப்புகளில் பட்டையை வளையமாக உரித்து, அந்தக் கொப்பின் உணவு வெளியே போகாதபடியும் வெளியிலிருந்து உள்ளே வராதபடியும் செய்தார்கள். பிறகு ஒரு பழத்துக்கு 10 இலை தொடங்கி 100 இலையும் அதற்கு மேலும் கிடைக்கும்படி இலைகளையும் காய்களையும் கழித்து, பழம் வளர்வதைப் பார்த்தார்கள். குறைந்த இலையோடு வளர்ந்த பழம் சிறியதாகவே நின்றது. அதிக இலை கிடைத்த பழம் பெரிதாக வளர்ந்ததோடு, அதன் உலர்பொருளும் சீனியும் கூடின.

உலர்பொருள் என்ற சொல்லைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஒரு மாங்காயிலிருந்து தண்ணீர் முழுவதையும் ஓட்டிவிட்டால் மீந்து நிற்பது உலர்பொருள். அதில் பெரும்பங்கு மாப்பொருளும் சீனியும். மாங்காய் முற்றும்போது மாப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. பழுக்கும்போது அதையே சீனியாக மாற்றுகிறது. ஆகவே பறிக்கிற நாளில் காய்க்குள் எவ்வளவு உலர்பொருள் இருக்கிறதோ, பழுத்த நாளில் அவ்வளவுக்கு இனிப்பு இருக்கும். இந்த உறவை நம்பியே அவுஸ்திரேலிய மாச் செய்கைக்காரர்கள் கையடக்கக் கருவிகளைக் காயின்மேல் வைத்து, அதை வெட்டாமலே உலர்பொருளை அளந்து, பறிக்கலாமா பொறுக்கலாமா என்று முடிவெடுக்கிறார்கள். சுமை கூடிய மரத்தில் ஒவ்வொரு காய்க்கும் போகிற மாப்பொருள் குறைகிறது. அப்படி வளர்ந்த காயை வைக்கோலில் வைத்தாலும் புகையில் வைத்தாலும் கல்சியம் காபைட்டில் வைத்தாலும் நிறம்தான் மாறும். உள்ளே சேராத மாப்பொருள் பழுக்கும்போது எங்கிருந்தும் வராது.

செரிக்கு இல்லாத ஒரு தண்டனை

செரியும் மாவும் இரண்டு இடங்களில் பிரிகின்றன. இரண்டும் நமக்கு முக்கியமானவை.

முதலாவது, செரி பறித்தபின் பழுக்காது. அதன் இனிப்பு முழுவதும் மரத்திலிருக்கும்போதே வந்து சேரவேண்டும். ஆகவே சுமையின் பிழை பறிக்கிற அன்றே நாக்கில் தெரிந்துவிடும். மாங்காயோ பறித்த பின் பழுப்பது. பிழை ஒரு கிழமை மறைந்திருந்து, வாங்கியவர் வீட்டில்தான் வெளிப்படுகிறது. பச்சைக் காயாகக் கைமாறும் மாம்பழச் சந்தையில் தரத்துக்கு விலை வராததற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

இரண்டாவது, செரியில் அதிகச் சுமை பொதுவாக அந்த ஆண்டுப் பழத்தைத்தான் கெடுக்கிறது. மாவில் அது அடுத்த ஆண்டையும் பிடித்துக்கொள்கிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. காயை வளர்க்க இலை தந்த உணவு போதாதபோது, மரம் தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாப்பொருளை எடுத்துச் செலவிடுகிறது. வளரும் காயிலுள்ள விதை ஜிபரலின் என்னும் ஓமோனையும் சுரக்கிறது. அது பூ மொட்டைத் தடுத்து இலை மொட்டைத் தூண்டும் தன்மையுடையது. சேமிப்பும் இல்லை, ஓமோனின் சமிக்ஞையும் எதிர்ப்பக்கம் என்றால் அடுத்த பருவத்தில் மரம் இலையைத்தான் விடும். ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் பழக்கம் இப்படித்தான் தொடங்கி, ஒரு முறை தொடங்கினால் தானாகவே சுழல்கிறது. ஓய்ந்த ஆண்டில் சேமித்ததெல்லாம் அடுத்த ஆண்டு அளவுமீறிய பூவாக வெளிவரும். அந்தப் பூ மீண்டும் அளவுமீறிய சுமையாகும்.

எல்லா இனங்களும் ஒரே மாதிரி இல்லை. தமிழ்நாட்டின் நீலம் ஆண்டுதோறும் ஒழுங்காகக் காய்ப்பதற்குப் பேர் பெற்றது. அந்தக் குணத்தை எடுத்துக்கொள்ளத்தான் டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வடநாட்டுத் தசேரியோடு நீலத்தைக் கலந்து மல்லிகா, ஆம்ரபாலி என்ற இரண்டு இனங்களை 1970களில் தந்தது. ஆம்ரபாலி குள்ளமாக நின்று ஆண்டுதோறும் கொத்துக் கொத்தாகக் காய்ப்பது. அதன் குறையாகச் சொல்லப்படுவதும் நம் கதைதான்: கொத்தில் காய் மிகுந்து பழம் சிறுத்துப்போகிறது. குள்ளமும் விரைவும் ஒழுங்கும் வந்தவுடன் சுமையை ஆளும் பொறுப்பு மனிதரிடம் வந்துவிடுகிறது. கிசெலாவில் செரிக்காரர் கண்டதை ஆம்ரபாலியில் மாக்காரர் கண்டார்.

நமது வளவுகளில் நிற்பவை கறுத்தக்கொழும்பான், வெள்ளைக்கொழும்பான், விலாட், அம்பலவி போன்றவை. இப்போது தம்புள்ளைப் பக்கத்திலிருந்து பரவும் ரொம் ஈ.ஜே.சி. கன்றுகளையும் புதிய தோட்டங்களில் நடுகிறார்கள். பெரிய பழம், கவாத்துச் செய்து சிறிதாக வைத்த மரம், நெருக்க நடுகை என்ற முறையோடு வரும் இனம் அது. அதன் விலை பழத்தின் பருமனிலும் தோலின் அழகிலும் நிற்கிறது. சிறிய மரத்தில் பெரிய பழம் வேண்டும் என்றால் காயைக் குறைக்காமல் அது நடக்காது. காகித உறை போடுவதற்கும் கொத்தில் ஒன்று அல்லது இரண்டு காய் இருந்தால்தான் வசதி.

திருகோணமலையின் காற்றும் நாட்காட்டியும்

இதுவரை சொன்னது எந்த ஊர் மாமரத்துக்கும் பொருந்தும். திருகோணமலைக்கு என்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது.

இந்த மாவட்டத்தின் மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை வாடைப் பருவத்தோடு வருகிறது. ஆண்டு மழை சராசரியாக 1,600 மில்லிமீற்றரை ஒட்டியது என்றாலும், மாசி முதல் புரட்டாதி வரையிலான நீண்ட காலத்தில் வானம் கொடுப்பது சொற்பம். மாரி ஓய்ந்தபின் தை, மாசியில் மா பூக்கிறது. பூத்து மூன்று, நான்கு மாதத்தில் காய் முற்றுகிறது. அதாவது காய் மாப்பொருளைச் சேர்க்கும் கடைசிக் கட்டம் சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் விழுகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் கச்சான் வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கி, சூடான வறண்ட காற்றாகக் கிழக்குக் கரைக்கு வருகிறது. கந்தளாய், தம்பலகாமம் வெளிகளைக் கடந்து கொட்டியாரக் குடாவையும் துறைமுகத்தையும் நோக்கி அடிக்கும் அந்தக் காற்றில் இலையின் ஈரம் வேகமாகப் பறிபோகும். ஆவியுயிர்ப்பு கூடித் தண்ணீர் போதாமல் போகும்போது இலை தன் இலைவாய்களை மூடிக்கொள்கிறது. இலைவாய் மூடினால் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டு உள்ளே வராது, ஒளித்தொகுப்பு தடைப்படும். வெயில் மிகுந்த நாளிலே மரத்தின் அடுப்பு அணைந்து கிடக்கிறது என்று சொல்லலாம். நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணல்நிலம் தண்ணீரையும் பொற்றாசியத்தையும் அதிகம் பிடித்து வைக்காது. அங்கே இந்த நெருக்கடி முந்தி வரும். கந்தளாய்ப் பக்கத்துச் செங்கபில மண் கொஞ்சம் கூடத் தாங்கும்.

ஆகவே 'ஒரு பழத்துக்கு இத்தனை இலை' என்று வேறு நாட்டில் அளந்த எண்ணை அப்படியே எடுத்து இங்கே வைக்கமுடியாது. கச்சான் காலத்தில் நம் ஊர் இலை ஒன்று, ஈரக்காற்று வீசும் தீவிலுள்ள இலை ஒன்றைவிடக் குறைவாகத்தான் உழைக்கமுடியும். காய் நிரம்பும் காலமும் கச்சானும் சேர்ந்து வரும் இடத்தில் ஒரு பழத்துக்குக் கூடுதல் இலை விட்டு வைப்பதே அறிவு. தண்ணீர் கட்ட வசதியில்லாத வளவில் அதைவிடவும் கூடுதல்.

காற்று இன்னொரு விதமாகவும் இந்தக் கணக்கில் நுழைகிறது. நான்கு ஐந்து காய் தொங்கும் கொத்து காற்றில் ஒன்றோடொன்று உரசும்; பால் வடிந்து தோல் கருகும்; ஒட்டிக் கிடக்கும் இடுக்கில் மாவுப்பூச்சி தங்கும். பாரமான கொத்து காம்போடு முறிந்து விழும். கச்சான் கொட்டிவிடும் காயை நாம் நட்டமாக எண்ணுகிறோம். இரண்டு மாதம் மரத்தின் உணவைத் தின்று வளர்ந்தபின் அது விழுந்தது என்பதுதான் பெரிய நட்டம். அதைப் பிஞ்சிலேயே எடுத்திருந்தால் அந்த உணவு மற்றக் காய்க்குப் போயிருக்கும்.

பூக்கும் கணக்கிலும் நம் நாட்காட்டிக்கு ஒரு கண்டிப்பு உண்டு. குளிர் இல்லாத தாழ்நிலத்தில் மா பூப்பதற்கு, கடைசியாக விட்ட தளிர் போதிய மாதங்கள் முற்றியிருக்கவேண்டும்; இளந்தளிர் பூவாக மாறாது. ஆனி, ஆடியில் காய் இறங்கியவுடன் தளிர்த்த மரத்துக்குத் தை மாதத்தில் ஆறு மாத முற்றல் கிடைக்கும். அளவுமீறிக் காய்த்துச் சேமிப்பு வற்றிய மரமோ ஆடி, ஆவணிக் கச்சானில் தளிர்க்கச் சக்தியின்றி நிற்கும். ஐப்பசி மழை விழுந்த பிறகே அது தளிர்க்கும். அந்தத் தளிருக்குத் தையில் இரண்டு, மூன்று மாதமே ஆகியிருக்கும். அது பூக்காது. இந்தக் காலக்கணக்கை வைத்துப் பார்த்தால், ஓராண்டு விட்டு ஓராண்டு காய்க்கும் பழக்கம் நம் மாவட்டத்தில் வலுவாக இருப்பதற்கு மரத்தின் பரம்பரை மட்டும் காரணமாக இருக்கமுடியாது. சுமையும் கச்சானும் பிந்திய மழையும் கைகோத்து அதை வளர்க்கின்றன. இதில் மனிதர் கை வைக்கக்கூடிய இடம் சுமை ஒன்றுதான்.

சுமை குறைந்தாலும் குறை உண்டு

இத்தனை சொன்னபின் காயை எவ்வளவு குறைத்தாலும் நல்லது என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் கென்சிங்டன் மாவில் செய்த ஆய்வில், ஒரு பழத்துக்கு மிகுதியான இலை கிடைத்தபோது பழம் பெருத்தது. அதன் சதையில் கல்சியத்தின் செறிவு குறைந்தது. கல்சியம் பழத்தின் கலச்சுவர்களை இறுக்கிப் பிடிக்கும் சத்து. அது பெரும்பாலும் பழம் சிறிதாக இருக்கும்போதே வந்து சேர்கிறது. பழம் ஊதிப் பெருக்கும்போது அதே அளவு கல்சியம் அதிகச் சதையில் பரவி நீர்த்துவிடுகிறது. அப்படிப்பட்ட பழம் பார்வைக்குக் கம்பீரமானது. வைத்திருந்தால் விரைவில் இளகும்; அழுகல் நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கும். ஓய்ந்த ஆண்டில் மரத்தில் ஒன்றிரண்டாகத் தொங்கும் பெரிய பழங்கள் உட்சதை கெட்டு வருவதை வீட்டுக்காரர் பலர் கண்டிருப்பார்கள். அதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கக்கூடும்.

ஆகவே தேடவேண்டியது நடு அளவு. ஒரு விளக்கத்துக்காகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தத் தோட்டத்திலும் அளந்ததல்ல. ஒரு கொப்பில் 800 இலையும் 40 காயும் உண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு காய்க்கு 20 இலை. காய் ஒவ்வொன்றும் 150 கிராம் வந்தால் மொத்தம் 6 கிலோ. பாதியைக் கழித்து 20 காய் விட்டால் ஒரு காய்க்கு 40 இலை. காய் 250 கிராமாக வளர்ந்தால் மொத்தம் 5 கிலோ. எடையில் ஒரு கிலோ குறைவு. முதல் 6 கிலோவும் தெருவில் கூறு போட்டு விற்கும் பழம். பின்னைய 5 கிலோ ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து வாங்கும் பழம். அதோடு அடுத்த ஆண்டுப் பூவும் கைக்கு மிஞ்சுகிறது. கழிக்கும்போது மொத்த எடை ஓரளவு குறையும் என்பதை மறைக்கத் தேவையில்லை. விவசாயி உண்மையை அறிந்து முடிவெடுக்கவேண்டும்.

எப்போது கழிப்பது, எப்படிக் கழிப்பது

பழத்தின் பருமன் இரண்டு வழியில் வருகிறது: கலங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு கலத்தின் பருமன். கலங்கள் பெருகுவது பிஞ்சின் முதற் சில கிழமைகளில். அதன்பின் இருக்கிற கலங்கள் ஊதுகின்றன. ஆகவே எவ்வளவு முந்திக் கழிக்கிறோமோ அவ்வளவுக்குப் பயன். ஆனால் இயற்கைக் கொட்டுதல் முடியுமுன் கழித்தால், நாம் விட்டு வைத்த பிஞ்சும் கொட்டிவிடலாம். மாசிக் கடைசி, பங்குனியில் பிஞ்சு கோலி அளவைத் தாண்டிக் கொட்டுதல் ஓய்ந்தவுடன் கையை வைப்பதே பொருத்தம்.

முதலில் எடுக்கவேண்டியவை வளைந்தவை, வடுப்பட்டவை, பூச்சி குத்தியவை, கொத்தின் நடுவில் நெருக்குண்டவை. பெரிய பழ இனங்களில் கொத்துக்கு ஒன்று, இடம் இருந்தால் இரண்டு. விலாட் போன்ற சிறுபழ இனத்தில் இரண்டு, மூன்று வரை விடலாம். இலை அடர்ந்த கொப்பில் சற்றுக் கூட்டியும், இலை ஐதான கொப்பில் குறைத்தும் விடவேண்டும். காம்பைப் பிய்க்காமல் கத்தரியால் வெட்டினால் கொப்பு காயப்படாது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் எழும். முப்பது, நாற்பது அடி உயர்ந்த விதைமரத்தில் ஏறி யார் பிஞ்சு எடுப்பது? அது நடவாது. சுமையை ஆளுவது மரத்தின் உயரத்தை ஆளுவதிலிருந்து தொடங்குகிறது. செரிக்காரர் குள்ள அடிக்கட்டையைத் தேடியதும் அதற்காகத்தான். மாவில் ஒட்டுக்கன்றை முதல் ஆண்டிலேயே நுனி கிள்ளி, மூன்று நான்கு பக்கக் கொப்பு விடவைத்து, ஒவ்வோர் ஆண்டும் காய் இறங்கியவுடன் கவாத்துச் செய்தால் மரத்தை நிலத்தில் நின்றபடி கை எட்டும் உயரத்தில் வைத்திருக்கலாம். கவாத்தும் ஆனி, ஆடியிலேயே முடியவேண்டும். தாமதித்தால் முன்சொன்ன தளிர்க் கணக்குப் பிழைத்துவிடும்.

புதிதாக நடுகிறவர்களுக்கு இது பொன்னான நேரம். சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன காணிகளுக்கு 2015 இலும் அதன் பின்னும் திரும்பி வந்து, அழிந்த வளவுகளில் கன்று நட்டார்கள். ஈச்சிலம்பற்று, மூதூர், குச்சவெளிப் பகுதிகளிலும் போரும் 2004 ஆழிப்பேரலையும் அழித்த வளவுகள் மீண்டும் பச்சையாகின்றன. இளமையில் வளைக்காத மரத்தை முதுமையில் வளைக்க முடியாது. இந்தக் கன்றுகளைத் தாழ்வாகவும் அகலமாகவும் வளர்த்தால், அடுத்த முப்பது ஆண்டும் ஒவ்வொரு காயும் அவர்கள் கைக்கு எட்டும்.

பிஞ்சை எடுப்பதில் மனத்தடை உண்டு என்பதை நான் அறிவேன். காய்க்கிற காயைப் பறித்து எறிவது பாவம் என்று நினைக்கிற வீடுகள் பல. எறியவேண்டியதில்லை. முதற் சுற்றில் கோலிப் பிஞ்சை எடுத்து, இரண்டாம் சுற்றில் முட்டை அளவு மாங்காயைத் தெரிந்தெடுத்தால், அது உப்புக்கும் ஊறுகாய்க்கும் கறிக்கும் ஆகும். கடற்கரையிலும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் மாங்காய் அச்சாறு விற்கும் ஊர் இது. பச்சை மாங்காய்க்கும் இங்கே சந்தை இருக்கிறது. முந்திய வருமானம் என்று அதை எண்ணினால் மனம் இசையும்.

சந்தை கேட்கிற கேள்வி

ஒரு தடையைச் சொல்லாமல் விடமுடியாது. மரத்தை அண்ணாந்து பார்த்து, மொத்தமாக ஒரு தொகை பேசி, முழுக் காயையும் வாங்கிக்கொள்ளும் வியாபார முறை வளவுகளில் உண்டு. அந்த முறையில் மரத்தில் தொங்கும் காயின் எண்ணிக்கைதான் விலை. காயைக் கழித்தவருக்குக் குறைந்த தொகை. இப்படி இருக்கும்வரை தரத்தைப் பற்றிய எந்த அறிவுரையும் காதில் ஏறாது. செரித் தோட்டங்களில் காய்க்கழிப்பு பரவியதற்கு ஆய்வு மட்டும் காரணமல்ல. பருமனுக்கு விலை கொடுத்த சந்தையும் காரணம். கிராமத்துப் பெண்கள் சங்கமோ கூட்டுறவோ, பழத்தைப் பருமன் பிரித்து எடைக்கு விற்கும் வழியை ஏற்படுத்தினால், கழிப்பதன் பயன் முதல் பருவத்திலேயே பையில் தெரியும்.

இனிச் செய்யவேண்டியது

கறுத்தக்கொழும்பானுக்குக் கச்சான் காற்றில் ஒரு பழத்துக்கு எத்தனை இலை வேண்டும்? அம்பலவிக்கு எத்தனை? கரையோர மணலில் எத்தனை, கந்தளாய் மண்ணில் எத்தனை? இந்தக் கேள்விகளுக்கு ரீயூனியனும் குவீன்ஸ்லாந்தும் விடை தரமாட்டா. நம் மண்ணில்தான் அளக்கவேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. கிளிநொச்சியில் பிராந்திய விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஹொரணையில் பழப்பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவகம் இருக்கிறது. இவர்களுக்கு இது பெரும் பணம் கேட்கும் ஆய்வல்ல. கொப்புகளில் அடையாளத் துணி, ஒரு தராசு, இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானி, மூன்று பருவப் பொறுமை போதும்.

அதுவரை வீட்டுக்காரர் காத்திருக்கவும் தேவையில்லை. வருகிற பங்குனியில் உங்கள் மரத்தில் ஒரே அளவான இரண்டு கொப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றைத் தொடாமல் விடுங்கள். மற்றதில் கொத்துக்கு ஒன்று வைத்து மிச்சத்தைக் கழித்துவிடுங்கள். இரண்டிலும் துணி கட்டி அடையாளம் வையுங்கள். ஆனியில் இரண்டு கொப்பின் பழத்தையும் தனித்தனியாகப் பழுக்கவைத்து, நிறுத்து, அறுத்து, பிள்ளைகளுக்குக் கொடுத்து, எது இனிக்கிறது என்று கேளுங்கள். அடுத்த தையில் எந்தக் கொப்பு பூத்தது என்பதையும் பாருங்கள். மாவட்டத்தில் நூறு வளவுகள் இதைச் செய்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், திருகோணமலை தன் மாமரங்களைப் பற்றிய முதல் கணக்கைத் தானே எழுதிவிடும்.